குவியலைப் பார்த்துப் பணம் கட்டுங்கள்: பழைய இரும்பில் இயந்திரம் கட்டும் ஒரு நாள் போட்டி

கோவைக்கு வெளியே, மூடப்பட்ட ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் கொட்டகையில், பழைய இரும்புப் பொருள்களை மட்டும் கொண்டு எட்டு மணி நேரத்தில் ஓர் இயந்திரத்தைக் கட்டி முடிக்கும் போட்டியில் எங்கள் அணி சென்ற ஏப்ரலில் கலந்துகொண்டது. நான்கு பேர் கொண்ட அணிக்கு 8,000 ரூபாய் கட்டணம். போட்டியை நடத்தியவர்கள் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கூலிக்கு நடத்திக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தினர். அவர்களுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது இதே வகைப் போட்டியைப் பலர் நடத்தத் தொடங்கியிருப்பதால், பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது ஒரு நிறுவனத்தின் பெயரைவிடப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் 26 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அணியில் என்னுடன் எங்கள் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பயிற்சிக்கு வந்திருக்கும் டிப்ளமோ படித்த பெண் ஒருவர் ஆகியோர் இருந்தனர். பரிசு வாங்கவில்லை, ஆறு அணிகளில் நேரக் கணக்கில் இரண்டாவதாகவும், மொத்த மதிப்பெண்ணில் மூன்றாவதாகவும் வந்தோம். அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம்.

இந்த விளையாட்டுக்கு மூலம், பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி 1998 முதல் 2010 வரை ஒளிபரப்பிய ‘ஸ்கிராப்ஹீப் சேலஞ்ச்’ என்னும் நிகழ்ச்சி. நடிகர் ராபர்ட் லூவெலின் அதைப் பல ஆண்டுகள் தொகுத்து வழங்கினார். இரண்டு அணிகள், ஒரு பெரிய பழைய இரும்புக் கிடங்கு, பத்து மணி நேரம், மறுநாள் சோதனை என்பதுதான் அதன் அமைப்பு. அமெரிக்காவில் அது ‘ஜங்க்யார்ட் வார்ஸ்’ என்ற பெயரில் வந்தது. நம்முடைய பொறியியல் கல்லூரி விழாக்களில் அந்தப் பெயரையே வைத்துப் போட்டி நடத்துவது நெடுநாள் வழக்கம். அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் பலருக்குத் தோன்றாத ஒன்று உண்டு. அங்கிருந்த குவியல் தானாகச் சேர்ந்த குப்பை அன்று. அன்றைய சவாலுக்குத் தேவையான பொருள்கள் கிடைக்கும்படி, கிடைத்தும் சுலபமாகக் கண்ணில் படாதபடி, முன்கூட்டியே பார்த்துப் பார்த்துக் கலந்து வைக்கப்பட்ட குவியல் அது. நல்ல பொருள் அதிகமாக இருந்தால் போட்டி கடையில் சாமான் வாங்குவது போல ஆகிவிடும். ஒன்றுமே இல்லாவிட்டால் எட்டு மணி நேரமும் துருவைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே, இப்படிப்பட்ட போட்டியை நடத்துகிறவர் நமக்கு விற்பது கொட்டகையையும் சாப்பாட்டையும் கோப்பையையும் அன்று, குவியலைத்தான். நானும் குவியலிலிருந்தே தொடங்குகிறேன்.

குவியல் நன்றாக இருந்தது. ஏறக்குறைய மூன்று லாரி அளவு இருக்கும். ஒரு பக்கம் ஆங்கிள், சேனல், ஃப்ளாட், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய்கள், நடுவில் மொபெட் சக்கரங்கள், சைக்கிள் சட்டங்கள், பிரேக் டிரம்கள், ஒரு டெம்போவின் கியர்பாக்ஸ், கம்பெனி பெயர் அழிந்துபோன மாவரைக்கும் கிரைண்டர்கள், லாரி டயரின் ஃப்ளாப்புகள், கடைசியில் தனியாக ஒரு மேசையில் வைப்பர் மோட்டார்களும் பேட்டரிகளும். வாங்கி வந்த இடத்திலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எண்ணெய் டிரம்கள் எல்லாம் ஒரு பக்கம் வெட்டித் திறக்கப்பட்டிருந்தன. மூடிய டிரம்மில் யாராவது வெல்டிங் வைத்தால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும் என்பது எந்தப் பட்டறைக்காரருக்கும் தெரிந்ததே, ஆனாலும் போட்டி மும்முரத்தில் மறந்துபோகும். வண்டிகளின் ஷாக் அப்சார்பர்களையும், குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர்களையும், எரிவாயு சிலிண்டர்களையும் அறவே எடுத்துவிட்டிருந்தார்கள். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே முழு மதிப்பெண் கொடுக்கலாம். இன்னோர் ஊரில் நான் பார்வையாளராகப் போன போட்டியில், கேஸ் நிரம்பிய ஷாக் அப்சார்பரை ஒரு மாணவர் இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் அறுக்கப் போனதை எட்டிப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஒரே ஏமாற்றம் மோட்டார்கள். வெளியே பார்த்தால் நல்ல கூடு, பெயர்ப்பலகைகூட இருக்கும். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. காயலான் கடைக்கு ஒரு மோட்டார் வந்தால் முதல் வேலை காப்பரை உருவுவதுதான். இரும்பைவிடப் பல மடங்கு விலை போகும் பொருளை எந்தக் கடைக்காரர் போட்டிக்காக விட்டுவைப்பார்? எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரு டைனமோவைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டார். குவியலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அப்போதுதான் வாய் திறந்தார்: “ஏனுங்க தம்பி, அதைச் சொமந்துக்கிட்டு எங்கீங்க போறீங்க? காப்பரை உருவி ஆறு மாசம் ஆச்சுங்க.”

அந்தப் பெரியவர் இரும்பைக் கொடுத்த கடைக்காரரின் ஆள். மாலையில் எடை போட்டுத் திரும்ப ஏற்றிச் செல்வதற்காக வந்திருந்தவர். உதவி செய்யக் கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள் போலும். ஆனாலும், யாராவது ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தால், தலையை மேலும் கீழும் அல்லது இடமும் வலமும் ஆட்டிவிடுவார். எந்தக் கியர்பாக்ஸில் பல் உடைந்திருக்கிறது, எந்தச் சக்கரத்தின் பேரிங் இறுகியிருக்கிறது, எந்தக் குழாயின் உள்பக்கம் துரு அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அன்று கட்டிய கட்டணத்தில் பாதி அவரைப் பார்த்ததற்கே தகும் என்று எங்கள் ஃபிட்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடத்துகிறவர்கள் அவரை வாயைக் கட்டி உட்கார வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வோர் அணியும் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று விதி வைத்திருந்தால் போட்டியின் சுவையே கூடியிருக்கும்.

காலை ஒன்பது மணிக்குச் சவாலை அறிவித்தார்கள். தரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் அருகில் ஆளுயரத்துக்கும் சற்று மேலான ஒரு மேடை. மேடையின் மேல், வாய் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒரு 200 லிட்டர் டிரம். மின்வாரிய மின்சாரத்தையும் பெட்ரோல், டீசல் எஞ்சின்களையும் பயன்படுத்தாமல் அந்த டிரம்மை நிரப்ப வேண்டும். கோவைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சவாலைக் கொடுக்க முடியாது. ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கிய ஊர். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த பிறகு கிணற்றுக்குக் கிணறு பம்ப்செட் ஓடிய ஊர். அதற்கு முன் ஆழமான கிணறுகளில் மாடு கட்டிச் சால் என்னும் பெரிய பாத்திரத்தால் கவலை இறைத்ததும், ஆழம் குறைந்த இடங்களில் ஏற்றம் இறைத்ததும் இங்கே தாத்தாக்கள் இருக்கும் வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கின்றன. மோட்டாரை எடுத்துவிட்டுத் தண்ணீரை மேலே ஏற்று என்று சொல்வது இந்த ஊரின் கையைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது போல. சவாலைத் தேர்ந்தெடுத்தவர் விஷயம் தெரிந்தவர்தான்.

கணக்குப் போட்டால் வேலை பெரிதாகத் தோன்றாது. 200 லிட்டர் தண்ணீரை 3 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 5,900 ஜூல். பழக்கமுள்ள ஓர் ஆள் சீராக மிதித்தால் 75 வாட் அளவுக்குத் திறன் கொடுக்க முடியும். அப்படியானால், இழப்பே இல்லாத இயந்திரமாக இருந்தால் 80 விநாடியில் டிரம் நிரம்பிவிடும். வென்ற அணிக்கு ஆனது 3 நிமிடம் 40 விநாடி. இடையில் உள்ள இடைவெளிதான் போட்டி: உராய்வு, ஒழுக்கு, வழுக்கல், அவசரத்தில் கோணலாக வைத்த வெல்டிங், கை மாறும்போது போகும் நேரம்.

நாங்கள் கட்டியது கயிற்று பம்ப். ஒரு செங்குத்தான குழாய்க்குள் கயிறு ஒன்று மேலேறிக்கொண்டே இருக்கும். அந்தக் கயிற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் ரப்பர் வட்டுகள் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டும் தனக்கு மேலுள்ள தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு வழிகாட்டி, இவ்வளவுதான் அமைப்பு. வால்வு கிடையாது, காற்றுப் புகுந்துவிடுமோ என்ற பயம் கிடையாது, துல்லியமாகக் கடைந்த உருளையும் வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் கிராமத்துக் கிணறுகளில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வரும் முறை இது. வாய்ப்பாகக் குவியலில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் நீளமாக ஒன்று கிடைத்தது. ஓரங்குலக் குழாய்கள் நிறைய இருந்தும் நான் அவற்றைத் தொடவில்லை. உள்விட்டம் 25 மி.மீ. ஆக இருந்தால், கயிறு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் அரை லிட்டர்தான் வரும், 38 மி.மீ. ஆக இருந்தால் அதே வேகத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வரும்.

வட்டுகளை வெட்டுவதில்தான் எங்கள் பயிற்சிப் பெண்ணின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. கத்தரியாலும் பிளேடாலும் ஃப்ளாப் ரப்பரை வட்டமாக அறுக்க நானும் ஃபிட்டரும் கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம். வந்தவை எல்லாம் கடித்துத் துப்பிய அப்பளம் போல இருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டு இரும்புக் குழாயை எடுத்து, அதன் வாய் ஓரத்தைக் கிரைண்டரில் கத்தி போலத் தீட்டி, ரப்பரை மரக்கட்டையின் மேல் வைத்து, குழாயை நிறுத்திச் சுத்தியலால் ஓர் அடி கொடுத்தார். ‘டப்’ என்று வட்டு கழன்று விழுந்தது. “எங்க ஊர்ல செருப்புத் தைக்கிறவர் இப்படித்தான் சார் வாஷர் போடுவார்” என்றார். பத்து நிமிடத்தில் இருபது வட்டுகள் தயார். முதலில் வெட்டியவை குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாக இருந்ததால் கயிறு நகரவே மறுத்தது. ஓரத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் உரசி எடுத்த பிறகு, தண்ணீர் பட்டதும் வழுக்கிக்கொண்டு ஏறத் தொடங்கியது. கீழே கயிறு திரும்பும் இடத்துக்கு மின்கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றை வைத்தோம். பளபளப்பான பீங்கானில் நனைந்த கயிறு ஓடும்போது தேய்மானமே தெரியவில்லை.

சறுக்கல் ஒன்றும் எங்கள் பக்கம் உண்டு. அதற்கு நானே பொறுப்பு. சைக்கிள் பெடலிலிருந்து செயின் போட்டு மேல்சக்கரத்தைச் சுற்றலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்பல்சக்கரத்தில் 18 பல். மிதித்தவுடன் கயிறு நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் பறந்தது. தண்ணீர் மேலே வந்ததும் டிரம்முக்குப் போகும் வாய்க்குழாயில் இறங்காமல் சக்கரத்தோடு சுற்றி எங்கள் எல்லோர் மேலும் தெளித்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு பல்சக்கரம் தேடிக் குவியலில் இன்னும் நாற்பது நிமிடம் போயிற்று, கிடைக்கவில்லை. கடைசியில் செயினைக் கழற்றி எறிந்துவிட்டு, மேல்சக்கரமாக வைத்திருந்த மொபெட் சக்கரத்தின் அச்சிலேயே நேராக ஒரு கைப்பிடியைப் பற்றவைத்தோம். மேடையில் நின்றபடி நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக் கையால் சுற்றினாலே கயிறு வேண்டிய வேகத்துக்கு வந்துவிட்டது. காலையிலேயே அதைச் செய்திருந்தால் ஒழுக்கைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

மற்ற அணிகளில் ஒன்று காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பேட்டரியில் இணைத்து ஒரு மையவிலக்கு பம்பைச் சுற்றியது. சில விநாடிகள் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் அது. நூற்றுக்கணக்கான ஆம்பியரை விழுங்கும். தொடர்ந்து ஓட்டினால் என்ன ஆகும் என்பது இரண்டாவது நிமிடத்தில் புகையாக வந்தது. அதற்கு முன்பே, உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வின் ரப்பர் இற்றுப்போய் இருந்ததால், பம்பை முதலில் நிரப்புவதற்காக ஊற்றிய தண்ணீர் எல்லாம் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே காற்று இருக்கும் வரை மையவிலக்கு பம்ப் தண்ணீரைப் பிடிக்காது. இன்னோர் அணி அடிபம்பின் பழைய உருளையைக் கண்டெடுத்து, காய்ந்து சுருங்கியிருந்த தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து உயிர்ப்பித்தது, அழகான வேலை. குழாயை அச்சில் சுருளாகச் சுற்றித் திருகு போலத் தண்ணீர் ஏற்ற முயன்றவர்களின் அச்சு, நான்கு மீட்டர் நீளத்தில் தண்ணீர்க் கனம் தாங்காமல் வில்லாக வளைந்தது.

வென்றவர்கள் கட்டியது ஏற்றம். ஆறு மீட்டர் ஜி.ஐ. குழாய் ஒன்று, இரண்டு மீட்டர் உயரக் கால்களின் மேல் சமநிலையாக நிறுத்தப்பட்டது. நீண்ட கை நான்கு மீட்டர், குட்டைக் கை இரண்டு. குட்டைக் கையில் கியர்பாக்ஸ் கூடும் பிரேக் டிரம்களுமாகச் சுமார் 35 கிலோ தொங்கியது. நீண்ட கையில் 20 லிட்டர் பெயின்ட் வாளி. எடையை அவர்கள் சரிபார்த்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாளியில் பாதித் தண்ணீரை ஊற்றிவிட்டு, உத்தரம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் வரை டிரம்களைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார்கள். அப்படி நிறுத்திவிட்டால், வெறும் வாளியை இறக்கவும் நிறைந்த வாளியை ஏற்றவும் ஒரே அளவு பலம் போதும். எந்த நேரத்திலும் ஆளுக்குச் சும்மா இருக்கும் வேலை இல்லை, மூச்சுத் திணறும் வேலையும் இல்லை. இரண்டு பேர் கயிற்றை இழுக்க, ஒருவர் தொட்டியில் வாளியைச் சாய்க்க, ஒருவர் மேடையில் நின்று கவிழ்க்க, பதினொரு வாளியில் டிரம் நிரம்பியது. நாங்கள் 4 நிமிடம் 45 விநாடி எடுத்துக்கொண்டோம். இரண்டாம் வாளிக்கே ஏற்ற அணியில் ஒருவர் “ஒண்ணாம் சால், ரெண்டாம் சால்” என்று எண்ணத் தொடங்கியபோது கொட்டகையே சிரித்துக் கைதட்டியது.

இனி குறைகள். முதலாவது, கருவிகள். ஆறு அணிகளுக்கு ஒரே ஒரு பெரிய கட்டிங் மெஷின். பதினொரு மணி முதல் ஒரு மணி வரை அங்கே ரேஷன் கடை வரிசை. கை கிரைண்டர்கள் அணிக்கு ஒன்று கொடுத்தார்கள். ஆனால் வீல்கள் இரண்டு தேய்ந்ததும் மூன்றாவதைக் கேட்டு வாங்குவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. நான்கு வெல்டிங் மெஷின்களையும் ஒரே சிங்கிள் பேஸ் இணைப்பில் மாட்டியிருந்ததால், இரண்டு பேர் சேர்ந்து பற்றவைத்தால் மின்னழுத்தம் இறங்கி மூன்றாவது ஆளின் வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. இது எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் முன்னாளே கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். ராடுகளும் ஈரம் பட்டவை. நாங்கள் வெயிலில் தகரத்தின் மேல் பரப்பிக் காயவைத்துப் பயன்படுத்தினோம்.

இரண்டாவது குறையை இவ்வளவு இலேசாக விட முடியாது. குவியலைச் சுத்தம் செய்வதில் அத்தனை கவனம் காட்டியவர்கள், கண்ணைக் காப்பதில் கோட்டை விட்டார்கள். வெல்டிங் கவசங்கள் நான்கில் ஒன்றில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது; பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்பவருக்குக் கவசமே இல்லை. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கல்லூரி மாணவர் மணிக்கணக்கில் நண்பருக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை. அன்றிரவு கண்ணில் மணலைக் கொட்டியது போல எரிந்து தூக்கமில்லாமல் கிடந்ததாக மறுநாள் அவருடைய நண்பர் சொன்னார். ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகையும் அப்படித்தான். அந்தத் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். பூச்சை முதலில் கிரைண்டரில் சுரண்டிவிட்டுப் பற்றவைக்க வேண்டும் என்று ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. எங்களுக்குத் தெரியும், செய்தோம். முதல் முறை ராடைக் கையில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? மேடைக்குக் கைப்பிடிக் கம்பி, இரண்டு தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவை இருந்தன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, மதிப்பெண். நேரத்துக்கு 50, வடிவமைப்புக்கு 30, தோற்றத்துக்கு 20 என்று விதித்தாளில் இருந்தது. தோற்றம் என்றால் வேலைச் சுத்தம், பற்றவைப்பின் ஒழுங்கு, கூர்முனைகளை மழுக்கியிருப்பது என்று நான் புரிந்துகொண்டேன். நடுவர்களில் இருவர் பரிசுப் பணம் கொடுத்தவர்கள். அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். அடிபம்ப் அணியினர் கடைசி இருபது நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் சிவப்பு, வெள்ளை பெயின்ட் அடித்து, ஈரம் காயாத இயந்திரத்தைக் காட்டி 20-க்கு 19 வாங்கினார்கள். எங்களுக்கு 7. அவர்கள் எங்களை முந்தியது அப்படித்தான். கீழே எவ்வளவு தண்ணீர் சிந்தியது, இயந்திரம் எத்தனை கிலோ, இரண்டாம் முறை ஓட்டினால் ஓடுமா என்பதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. ஏற்றக்காரர்களுக்கு எதிராக எனக்கு ஒரு சொல்லும் இல்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் முதலிடம் அவர்களுடையதே.

சாப்பாடு: தக்காளி சாதம், தயிர் சாதம், நேரத்துக்கு மோர். குறையில்லை. கொட்டகையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். ஏப்ரல் மதியத்தில் அதன் கீழ் வேலை பார்ப்பது எங்கள் ஆலையின் கொதிகலன் அறையை நினைவூட்டியது. போட்டியை மார்கழி, தை மாதங்களில் வைத்தால் கூட்டம் இரு மடங்காக வரும்.

8,000 ரூபாய் அதிகமா என்று அலுவலகத்தில் பலர் கேட்டார்கள். தலைக்கு 2,000, இரும்பு, மின்சாரம், ராடு, வீல், சாப்பாடு எல்லாம் அதற்குள். சொந்தமாக இத்தனை பொருளை ஓரிடத்தில் சேர்ப்பதற்கு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும் என்பதை நினைத்தால் விலை நியாயமே. அலுவலகக் குழுக்களுக்கு வைக்கும் கயிறு இழுக்கும் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: எங்கள் எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் பதினொரு ஆண்டுகளாக ஒரே ஷிப்டில் இருந்தும், ஒருவர் வேலையை மற்றவர் கையில் எடுத்துச் செய்ததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த ஆண்டும் போவேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் தொலைபேசியில் சில விஷயங்களைக் கேட்டுவிட்டுத்தான் கட்டுவேன்: அணிக்கு எத்தனை வெல்டிங் மெஷின், அவை எந்த இணைப்பில் ஓடுகின்றன, பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் கவசம் உண்டா, தோற்றம் என்பதற்கு என்ன பொருள். முடிந்தால் முதல் நாள் மாலை போய்க் குவியலைத் தூரத்திலிருந்தாவது பார்த்துவிடுங்கள். மறுக்கிறவர்களிடம் குவியல் சரியாக இருக்காது. சொந்தக் கையுறை, கண்ணாடி, டேப், ஒரு நல்ல ஹேக்ஸா ஆகியவற்றை எடுத்துச் செல்வது உத்தமம். இறுகிப்போன நட்டுகளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வேண்டும். எங்களுக்கு அதைக் கொடுத்துதவியது எங்களை முந்திய அடிபம்ப் அணிதான்.

போட்டி முடிந்ததும் இயந்திரங்களைப் பிரித்துக் குவியலிலேயே போட்டுவிட வேண்டும் என்பது விதி. எங்கள் பயிற்சிப் பெண் கயிற்று பம்பைப் பிரிக்க மனமில்லாமல் நின்றார். ஏற்பாட்டாளர்களிடம் கேட்டோம், இரும்பு கடைக்காரருடையது, அவரைக் கேளுங்கள் என்றார்கள். முக்காலிப் பெரியவர் தராசைக் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரம், கால்கள், கைப்பிடி எல்லாம் சேர்த்து 31 கிலோ. பழைய இரும்பு விலைக்கே கணக்குப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, குழாயையும் வட்டு கோத்த கயிற்றையும் தராசில் வைக்காமல் எங்கள் வண்டியில் அவரே ஏற்றிவிட்டார்.